கோர்சிகா மலைக் குடில்களில் ஏழு இரவு

முதல் நாள்: கலென்சானா – ஓர்த்து டி உ பியோப்பு (செப்டம்பர் 2022)

சிக்னல் கிடைக்கிற இடத்தில் பதிவு வரும், கிடைக்காத நாளில் வராது. வீட்டில் யாரும் பதற வேண்டாம்.

வந்திருப்பது கோர்சிகா. மத்தியதரைக் கடலில் பிரான்சின் கையில் இருக்கும் தீவு. பெரும்பாலானவர்கள் இங்கே கடற்கரைக்காக வருகிறார்கள். நாங்கள் வந்தது மலைக்காக. தீவின் வடமேற்கில் தொடங்கித் தென்கிழக்கு வரை முதுகெலும்பு போல ஓடும் நடைபாதைக்கு ஜிஆர் 20 என்று பெயர். சுமார் 180 கிலோமீட்டர், வழக்கமாக 16 நாள் நடை. எங்களிடம் இருப்பது எட்டு நாள். அதனால் வடபகுதியை மட்டும் நடந்து, மங்கானு என்ற இடத்தில் பாதையை விட்டு விலகி, கோர்த்தே ஊருக்கு இறங்குவதாகத் திட்டம். கூட வருவது என் மனைவியின் தம்பி. துலூஸில் வேலை, பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, வயது இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்தாறு. அதில் நாற்பத்தைந்து வருடம் சமவெளியில் போனது.

நேற்று இரவு கலென்சானாவில் தங்கி, காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஊர் இருப்பது 275 மீட்டர் உயரத்தில். இன்று படுக்க வேண்டிய இடம் 1,520 மீட்டரில். கணக்கு அவ்வளவுதான், மீதி எல்லாம் வியர்வை. முதல் இரண்டு மணி நேரம் மாக்கி எனப்படும் புதர்க்காடு. ரோஸ்மேரி, மிர்ட்டில் என்று பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக வெயிலில் காய்ந்து ஒரு கஷாய வாசனை அடிக்கிறது. அப்புறம் லரீச்சியோ பைன் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் பை பின்னால் இழுக்கிறது.

வழியில் வரும் கணவாய்களுக்கெல்லாம் இங்கே 'போக்கா' என்று பெயர். கோர்சிகா மொழியில் போக்கா என்றால் வாய். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம். நம் 'கணவாய்'க்குள்ளும் ஒரு வாய் இருக்கிறதே.

சாப்பாட்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாதையில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. இது 1972-ல் உருவான இயற்கைப் பூங்கா. படுப்பதென்றால் பூங்கா நடத்தும் ரெஃப்யூஜ் என்ற மலைக் குடில்களில்தான், இல்லையென்றால் அவற்றை ஒட்டிய இடத்தில். குடிலுக்குள் ஒரு பலகைப் படுக்கை, அல்லது வெளியே அவர்களே போட்டு வைத்திருக்கும் வாடகைக் கூடாரம், அல்லது நம் கூடாரத்துக்கு ஆறடி நிலம். மூன்றில் ஒன்றை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். நெருப்பு மூட்டவே கூடாது. கோடையில் காய்ந்த பைன் காடு ஒரு தீக்குச்சிக்குத்தான் காத்திருக்கிறது.

இன்று வந்து சேர்ந்த ஓர்த்துவில் குடில் 2019-ல் எரிந்துபோனது. அதனால் படுக்கை எல்லாம் கூடாரத்தில். இரவுச் சாப்பாடு லென்ட்டில் சூப். நம்ம மைசூர் பருப்பின் தோல் உரிக்காத அண்ணன்தான் இது. மிளகாய் இல்லை, புளி இல்லை, ஆனாலும் இரண்டு தட்டு இறங்கியது. எட்டு மணிக்கு ஊரே தூங்கிவிட்டது. எனக்குத்தான் தொடை இரண்டும் தூங்க மறுக்கின்றன.

இரண்டாம் நாள்: கரோட்சு

தூரம் குறைவு என்று நம்பி மோசம் போன நாள். வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் மாதிரி தெரிவது காலுக்கு எட்டு மணி நேரம். இங்கே யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. "கரோட்சுவுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் மணிக்கணக்கில்தான் பதில் வரும். பாறை மேல் பூசிய வெள்ளை-சிவப்புக் கோடுதான் வழிகாட்டி. பத்து நிமிடம் அந்தக் கோடு கண்ணில் படவில்லை என்றால் நாம் தவறிவிட்டோம் என்று அர்த்தம். இன்று இரண்டு முறை தவறினோம். இரண்டு முறையும் முன்னால் போனது நான்.

கரோட்சு குடில் 1,270 மீட்டரில், மூன்று பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மரப்பலகைத் திண்ணை. நாலு மணிக்கு மேல் அந்தத் திண்ணையில் இடம் கிடைப்பது கஷ்டம். ஐரோப்பாவின் பாதங்கள் எல்லாம் அங்கே காற்றாடிக் கொண்டிருந்தன. பிளாஸ்திரி இல்லாத பாதம் ஒன்றுகூட இல்லை.

குடிலைப் பார்த்துக்கொள்பவரை கார்தியன் என்கிறார்கள். காவலர் என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். முன்பதிவைச் சரிபார்ப்பது, சூப் காய்ச்சுவது, சோப்பு முதல் ஸ்பகெட்டி வரை விற்பது, கால் சுளுக்கியவருக்குக் கட்டுப் போடுவது, எல்லாவற்றுக்கும் மேலே மறுநாள் வானிலையை ஒரு பலகையில் எழுதி வைப்பது. கோடை முழுக்க இங்கேயே குடியிருக்கிறார். சாலை கிடையாது. சரக்கு ஹெலிகாப்டரில் வருகிறது, சில இடத்துக்குக் கோவேறு கழுதை முதுகில். ஒரு டின் சூரை மீன் கீழே விற்கும் விலையைவிட இங்கே ஏன் கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் அதைச் சுமந்து ஏறிப் பார்க்கட்டும். பணம் ரொக்கமாகக் கொண்டு வருவது நல்லது. ஏடிஎம் தேடி இந்த மலையில் எங்கே போவது?

இரண்டு எச்சரிக்கை கிடைத்தது. ஒன்று, காலணியை வெளியே விட்டால் நரி தூக்கிக்கொண்டு போகும். நான் சிரித்தேன். இன்னொன்று மூட்டைப்பூச்சி. இந்தப் பாதையின் பழைய வியாதி. பக்கத்துக் கூடாரத்துக்காரர் இரு கைகளையும் விரித்துக் காட்டினார், வரிசை வரிசையாகத் தடிப்பு. எந்தக் குடில் என்று அவர் சொன்னார், நான் சொல்லப்போவதில்லை. ஒரே குடிலின் குற்றமும் இல்லை இது. பூச்சி தானாக மலை ஏறுவதில்லை, நம் மூட்டைக்குள் ஏறித்தான் அடுத்த குடிலுக்குப் போகிறது. பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பையைப் படுக்கை மேல் வைக்காமல் வெளியே தொங்கவிடுவது இங்கே நல்ல பழக்கம்.

மூன்றாம் நாள்: ஆஸ்கோ

குடிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஸ்பசிமாத்தா தொங்குபாலம். காலடியில் பலகை, பலகைக்கு நடுவில் இடைவெளி, இடைவெளிக்குக் கீழே ஆறு. ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். பாலம் எனக்குப் பயமில்லை. அதற்கப்புறம் வந்த வழுவழுப்பான சரிவுப் பாறைகள்தான் வயிற்றைக் கலக்கின. கம்பிவடம் பதித்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நடக்கும்போது பார்த்தேன்: எல்லோரும் சறுக்கும் இடத்தில் மட்டும் வடம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. மற்ற இடத்தில் மங்கல். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை முன்னால் போன கைகளே தேய்த்து எழுதி வைத்திருக்கின்றன.

மேலே முவ்ரெல்லா கணவாய், அதற்கு அந்தப் பக்கம் இறக்கம். ஆஸ்கோவில் தார்ச் சாலை வந்து முட்டுகிறது. பழைய பனிச்சறுக்கு நிலையம். ஹோட்டல் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. வெந்நீரில் குளித்தேன். பியெத்ரா குடித்தோம். கஷ்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சும் உள்ளூர் பீர். 1996-ல்தான் வந்தது, ஆனால் ஏதோ பாட்டன் காலத்துச் சரக்கு மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

பலகையில்: 'நாளை பிற்பகல் இடியுடன் மழை.' கார்தியன் மாப்பிள்ளையிடம் ஐந்தரைக்குக் கிளம்பச் சொன்னாராம்.

நான்காம் நாள்: டிக்யெத்து

ஐந்தரைக்குக் கிளம்பவில்லை. காரணம் நான். ஹோட்டலில் காபி ஏழு மணிக்குத்தான் என்றார்கள். நல்ல காபி குடித்து மூன்று நாளாகிவிட்டது. "அத்தான், வேண்டாம், போயிரலாம்" என்று அவன் சொன்னான். "அரை மணி நேரத்துல என்ன மாப்ள ஆயிடப்போவுது" என்றேன். கிளம்பியபோது ஏழே முக்கால்.

முன்பு இங்கிருந்து பாதை சிர்க் து லா சொலித்யூத் என்ற ஒரு பாறைக் கிண்ணத்துக்குள் இறங்கி ஏறும். சங்கிலியும் ஏணியுமாக, ஜிஆர் 20-ன் பேர்போன இடம். 2015 ஜூன் 10 அன்று மழையில் அங்கே மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதோடு அந்த வழி மூடப்பட்டது. இப்போது பாதை 2,607 மீட்டர் உயரமுள்ள ஒரு முகட்டைச் சுற்றிப் போகிறது. ஜிஆர் 20-ன் மிக உயரமான இடம் அதுதான். ஆஸ்கோ இருப்பது 1,422-ல். ஏறக்குறைய 1,200 மீட்டர் ஒரே மூச்சில் ஏற்றம், முழுக்க உருண்டு நழுவும் கல். இரண்டடி வைத்தால் ஓரடி திரும்பி வருகிறது.

முகட்டிலிருந்து தீவின் உச்சியான மோன்டே சின்டோவுக்கு (2,706 மீட்டர்) ஒரு கிளைப்பாதை போகிறது. சீக்கிரம் வந்தவர்கள் பையைப் பாறை மறைவில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மேலே வந்தபோது மணி ஒன்று. மேற்கே மேகம் பானை வயிறு மாதிரி உப்பிக் கறுத்திருந்தது. காலையில் குடித்த காபிக்கு விலை ஒரு மலை உச்சி.

இறக்கத்தில் மாட்டிக்கொண்டோம். முதலில் ஆலங்கட்டி, கடலைப்பருப்பு அளவு. அப்புறம் மழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மாப்பிள்ளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். எட்டு, ஆறு, நாலு. நல்ல வேளை, முகட்டை விட்டு நன்றாகக் கீழே வந்திருந்தோம். உலோக ஊன்றுகோல்களைத் தள்ளி வைத்துவிட்டு, பையின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். பாதை இருந்த இடத்தில் ஓடை ஓடியது. இருபது நிமிடமோ நாற்பதோ தெரியாது. கந்த சஷ்டி கவசம் பாதிக்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டிக்யெத்து குடில் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. ஐந்தரைக்கு உள்ளே நுழைந்தோம். கார்தியன் அம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி: "ஆஸ்கோவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?" மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். அவர் புரிந்துகொண்டு சூப்பை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் முன்பதிவு வெளியே கூடாரத்துக்குத்தான். ஆனால் கூடாரக்காரர்கள் எல்லோரையும் அவர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். மேஜைகளை ஓரம் தள்ளி, தரையில் பாய் விரித்து, ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். கூரைக் கட்டைகளில் காலுறைகள் தோரணம் கட்டின. அந்த வாடையை வர்ணிக்க மாட்டேன். ஏன் இவ்வளவு கவனம் என்பது அப்புறம்தான் புரிந்தது. போன மாதம் 18-ஆம் தேதி காலையில் இந்தத் தீவில் ஒரு புயல் அடித்தது. சில இடங்களில் காற்று மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டியது. ஐந்து பேர் இறந்தார்கள். கூடாரத் திடலில் மரம் சாய்ந்து இறந்தவர்களும் அதில் உண்டு. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே மலையில் யாரும் கூடாரத்தை நம்புவதில்லை.

கோடை முடிந்ததும் கார்தியன்கள் இறங்கிவிடுவார்கள். ஆனால் குடில்களைப் பூட்டிவிட்டுப் போவதில்லை. குளிர்காலத்தில் வருபவன் உள்ளே ஒதுங்கலாம், கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். இதைக் கேட்டபோது நான் தரையில், ஒரு ஜெர்மன்காரரின் பாதத்துக்கும் ஈரப் பைக்கும் நடுவில் படுத்திருந்தேன். பூட்டு இல்லாத கதவைப் பற்றி நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

ஐந்தாம் நாள்: சொத்துலு டி ஈ மோரி

ஐந்தே காலுக்கு எழுந்தேன். யாரும் சொல்லவில்லை.

நாலு மணி நேர நடைதான். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. இன்றைய குடிலின் பெயரைக் கேட்டதிலிருந்து மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. "அத்தான், சோத்துல என்ன இருக்கு?" என்று வழி முழுக்க அதே நகைச்சுவை. சோற்றில் ஒன்றும் இல்லை, சோறே இல்லை, ஸ்பகெட்டிதான். பெயருக்கு 'மூர்களின் துளை' என்று பொருள். துளை எதிரே தெரிகிறது: காப்பு தஃபுனாத்து என்ற சிகரத்தில் உச்சிக்குக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வானம் தெரிகிற மாதிரி ஒரு பெரிய ஓட்டை. சாத்தான் உழுதுகொண்டிருந்தபோது கொழு பாறையில் பட்டு உடைந்ததாம். புனித மார்ட்டின் கேலி செய்ய, கோபத்தில் கொழுவை வீசியெறிந்தானாம். அது மலையைத் துளைத்துக்கொண்டு போனது. மொக்கைக் கொழுவை வைத்துக்கொண்டு மண்ணோடு மல்லுக்கட்டிய எவனோ ஒரு உழவன் சொன்ன கதையாகத்தான் இருக்க வேண்டும்.

1,991 மீட்டர். பாதையில் இருக்கும் குடில்களில் இதுவே உயரமானது. மதியமே வந்துவிட்டதால் ஈரத்தை எல்லாம் பாறைகளில் காயப்போட்டேன்: உறக்கப்பை, காலணி, நோட்டு, பத்து யூரோ நோட்டுகள் நாலு. நோட்டுகள் மேல் கல் வைத்து உட்கார்ந்து காவல் காத்தேன். கீழே பள்ளத்தாக்கில் கோலோ ஆறு. தீவின் நீளமான ஆறு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நூலாகப் பிறந்து இறங்குகிறது. குளியல் அந்த நூல் வந்த வழியில்தான். பச்சைத் தண்ணீர் என்று எழுதினால் போதாது, பல் கிட்டிப்போனது. சாயங்காலம் வெயில் விழுந்ததும் குளிர் அறைந்தது. ஏழு மணிக்கு உறக்கப்பைக்குள்.

ஆறாம் நாள்: மங்கானு

நீண்ட நாள், ஆனால் கருணையான நாள். ஐந்தரைக்குத் தலைவிளக்கோடு கிளம்பினோம் (யார் முதலில் தயார் என்று கேட்கவும்). வெர்ஜியோவில் சாலையைத் தாண்டி, பீச் மரக் காடு வழியாக மெல்ல ஏறி, பதினொரு மணி சுமாருக்கு நினோ ஏரி. ஐந்து நாள் கல்லைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை நம்ப முடியாததாக இருந்தது. ஏரியைச் சுற்றிப் புல்மெத்தை, அதில் அங்கங்கே கண்ணாடித் துண்டு மாதிரி சிறு குட்டைகள். பொஸ்ஸீன் என்கிறார்கள். கிணறு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பார்க்கப் புல்தரை, அடியில் நீரில் ஊறிய கரி மண். குதிரைகள் கட்டுத்தறி இல்லாமல் மேய்கின்றன. எங்களைப் பார்த்து ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

வழியில் ஒரு மேய்ப்பர் குடிலில் பாலாடைக்கட்டி வாங்கினோம். பூங்காவின் குடில்கள் வருவதற்கு எவ்வளவோ முன்பே இந்த மலையில் ஒதுங்க இடம் கட்டியவர்கள் இவர்கள்தான். கோடையில் ஆட்டை மேலே ஓட்டி வந்து, சாந்து இல்லாமல் கல் அடுக்கிய இந்தக் குடில்களில் தங்கி, குளிர் வருமுன் கடலோரச் சமவெளிக்கு இறக்கிக்கொண்டு போவது பழைய வழக்கம். நம்ம ஊர்க் கிடை போடுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். நான் தெரிந்தவன் மாதிரி புரோச்சு கேட்டேன். மோர்த்தெளிவோடு பால் சேர்த்துக் காய்ச்சி எடுக்கும் இந்தத் தீவின் பெருமை அது. பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது ஆடு கறக்காத காலம், அது நவம்பருக்கு மேல்தான் என்றார். செப்டம்பரில் மாம்பழம் கேட்ட வெள்ளைக்காரனாக நின்றேன். கெட்டியான பழைய கட்டி ஒரு துண்டு கொடுத்தார். நாக்கு எரிந்தது. ஊறுகாய் ஞாபகம் வந்தது.

மங்கானுவில் குடிலைவிட அதன் பக்கத்தில் ஓடும் ஓடைதான் அழகு. நாலு மணிக்கே வந்து, காலை நீரில் போட்டு உட்கார்ந்தோம். இரவு ரப்பர் செருப்பைக் கூடார வாசலில் விட்டேன்.

ஏழாம் நாள்: ஆ சேகா

ஒரு செருப்பைக் காணவில்லை. இடது கால். மாப்பிள்ளை தன் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறான். கார்தியனிடம் சொன்னால், அவர் சிரிக்காமல், ஓடைக்கு அந்தப் பக்கம் புதரில் பாருங்கள் என்றார். பார்த்தோம். யாருடையதோ ஒரு பழைய காலுறை, ஒரு கடித்த கரண்டி. என் செருப்பு இல்லை.

இன்று ஜிஆர் 20-ஐ விட்டு விலகினோம். நினோ ஏரியில் பிறக்கும் தவிஞ்ஞானு ஆற்றின் பள்ளத்தாக்கில் இறக்கம். திடீரென்று கூட்டம் இல்லை. மூன்று மணி நேரத்தில் எதிரே வந்தவர்கள் நாலு பேர், அதில் இரண்டு பசு. ஆ சேகா குடில் ஆற்றங்கரையிலேயே. முன்னால் பாறைகளுக்கு நடுவில் ஆழமான மடுக்கள், அடிக்கல் தெரிகிற தண்ணீர். மதியத்திலிருந்து அந்தி வரை மடுவிலும் பாறையிலுமாகக் கிடந்தோம். மாலை, ஒற்றைச் செருப்போடு கழிப்பறைக்கு நொண்டிப்போன என்னைப் பார்த்து ஒரு பிரெஞ்சுப் பாட்டி, "நரியா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள்: கோர்த்தே

பள்ளத்தாக்கின் ஓரத்தோடு ஐந்து மணி நேரம். கடைசியில் பாறைமேல் கோட்டை தெரிகிறது, அதன் கீழே ஊர். 1755 முதல் 1769 வரை கோர்சிகா தனிநாடாக இருந்தபோது பஸ்குவாலே பாவோலியின் தலைநகரம் இதுதான். அவர் 1765-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் பிரெஞ்சுக்காரர்கள் வந்ததும் மூடி, 1981-ல்தான் மறுபடி திறந்ததாம். மாணவர்கள் தெருவெல்லாம் இருக்கிறார்கள். எட்டு நாள் அழுக்கோடு அவர்கள் நடுவில் நடப்பது ஒரு மாதிரி இருந்தது.

முதல் வேலை செருப்பு. ஐந்தரைக்கே கிளம்பியதால் பதினொன்றரைக்குள் வந்திருக்க வேண்டியது. வழியில் மாப்பிள்ளை இன்னொரு மடுவில் குதித்தான், நானும் குதித்தேன். கடைக்கு முன்னால் நின்றபோது பன்னிரண்டு பத்து. மதிய அடைப்பு. கதவில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு அவன் சொன்னான்: "மூணு மணிக்குத்தான் அத்தான் திறப்பாங்க. காபி குடிக்கலாமா?"